வேர்ட்பிரஸ் தளம் எவற்றால் ஆனது? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

இணையதளங்களை உருவாக்கி நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் ஓர் இணையதளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கும்போது, அந்தப் பக்கம் நாம் காண்கிற வடிவிலேயே வழங்கியில், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியில், ஒரு கோப்பாக இருக்கிறது என்றுதான் புதியவர்கள் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லை. நாம் முகவரியைத் தட்டிய பிறகுதான் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்திலிருந்து தலைப்பையும் உரையையும் எடுக்கிறது. படங்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்று குறிக்கிறது. தீம் எனப்படும் தோற்றத் தொகுப்பைக் கேட்டு எழுத்துரு, நிறம், அமைப்பு ஆகியவற்றைச் சேர்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கோத்து உலாவிக்கு அனுப்புகிறது. தளம் நடத்தப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். எதை மாற்றினால் எது மாறும், எதை நீக்கினால் எது போகும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது.

உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் வருவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி எச்டிஎம்எல் கோப்பாகவே எழுதினார்கள். தளத்தின் பட்டியில் (மெனுவில்) ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால், அந்தப் பட்டி இடம்பெறும் அத்தனை கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. எழுத்தும் தோற்றமும் ஒரே கோப்பில் கலந்திருந்ததே இந்தத் தொல்லைக்குக் காரணம். இரண்டையும் பிரித்து, எழுதுபவருக்கு ஒரு நிர்வாகப் பக்கத்தையும் படிப்பவருக்கு ஒரு பொதுப் பக்கத்தையும் தருவதே இத்தகைய அமைப்புகளின் வேலை. ட்ரூபல், ஜூம்லா எனப் பல இருப்பினும், இங்கே வேர்ட்பிரஸையே எடுத்துக்கொள்கிறேன். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளின் நிரலிலிருந்து இதை உருவாக்கி, 2003 மே 27 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார்கள். கட்டற்ற மென்பொருளாகவே வளர்ந்துவந்த இது, இன்று உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை இயக்குகிறது. வலைப்பதிவுக் கருவியாகப் பிறந்த அடையாளம் இதன் உள்கட்டமைப்பில் இன்றும் தெரிகிறது.

விளக்கத்துக்கு ஒரு தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, உழவர்களும் ஆர்வலர்களும் பயன்படுத்தும்படி ஒரு தளம் அமைக்க ஒருவர் விரும்புகிறார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி, குழியடிச்சான் என ஏராளமான ரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வயது, ஏற்ற பட்டம் (சாகுபடிப் பருவம்), ஏற்ற நிலம், அரிசியின் நிறம், படங்கள் எனத் தகவல்கள் உண்டு. இவை போக விதைத் திருவிழா அறிவிப்புகளும், சாகுபடி அனுபவக் கட்டுரைகளும், தளத்தைப் பற்றிய அறிமுகமும் இடம்பெற வேண்டும்.

வேர்ட்பிரஸை நிறுவியவுடன் எழுதுவதற்கு இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. ஒன்று பதிவு, மற்றொன்று பக்கம். பதிவுக்குத் தேதி முக்கியம். புதியது மேலே வர, பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும். விதைத் திருவிழா அறிவிப்பு பதிவாக இருப்பதே பொருத்தம். பக்கம் காலவரிசையில் சேராது. ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ போன்றவை என்றும் அதே இடத்தில் இருக்க வேண்டியவை என்பதால் அவற்றைப் பக்கங்களாக அமைக்கிறோம். ஒரு பக்கத்தின் கீழ் துணைப் பக்கங்களையும் வைக்கலாம். பக்கம் என்ற இந்த வடிவமே 2005இல் வந்த 1.5ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

நம் நெல் ரகங்களை இந்த இரண்டில் எதில் வைப்பது? பதிவாக எழுதினால், மாப்பிள்ளைச் சம்பா பற்றிய விவரம் சென்ற வாரத்துத் திருவிழா அறிவிப்புக்கும் முந்தைய மாதத்து அனுபவக் கட்டுரைக்கும் நடுவே தேதிப்படி சிக்கிக்கொள்ளும். பக்கமாக எழுதினால், நூறு ரகங்களுக்கு நூறு பக்கங்களை உருவாக்கி, அவற்றைப் பட்டியலிடும் பக்கத்தையும் கையாலேயே பராமரிக்க வேண்டும். 2010இல் வெளிவந்த 3.0ஆம் பதிப்பு இந்தச் சிக்கலை எளிதாக்கியது. தளத்துக்கு ஏற்ற உள்ளடக்க வகையை நாமே வரையறுத்துக்கொள்ளும் வசதியைப் பரவலான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் பதிப்பே. ‘நெல் ரகம்’ என்று ஒரு வகையை உருவாக்கினால், நிர்வாகப் பக்கத்தின் இடப்புறப் பட்டியில் பதிவுகள், பக்கங்கள் ஆகியவற்றோடு அதற்கும் தனி இடம் கிடைக்கும். வகையை வரையறுக்கும்போதே அதற்கான அமைவை இயக்கிவிட்டால், எல்லா ரகங்களையும் காட்டும் பட்டியல் பக்கமும் தானாகவே உருவாகும். இந்த ஒரு முடிவே தளத்தின் எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தொடங்குவோர் பலர் கண்ணுக்கு அழகான தீமைத் தேடி நாள்கணக்கில் செலவிட்டுவிட்டு, தம்மிடம் எத்தனை வகையான பொருள்கள் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் அரை மணி நேர வேலையை விட்டுவிடுகிறார்கள்.

வகையைத் தீர்மானித்த பிறகு புலங்கள், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியாக ஒதுக்கும் இடங்கள். ஒரு நெல் ரகத்தின் விவரம் முழுவதையும் ஒரே உரையாக எழுதலாம்: ‘காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாத வயதுடையது, உயரமாக வளரும்’ என்று. படிக்கும் மனிதருக்கு இது போதும். ஆனால் ‘நூறு நாளுக்குள் அறுவடைக்கு வரும் ரகங்கள் எவை?’ என்று ஒரு உழவர் தளத்தில் தேடினால், உரைக்குள் புதைந்திருக்கும் ‘ஆறு மாதம்’ என்ற சொற்களிலிருந்து கணினியால் எதையும் பிரித்தெடுக்க முடியாது. வயது என்று ஒரு புலத்தைத் தனியாக வைத்து, அதில் 180 என்ற எண்ணை மட்டும் இட்டால், வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் ஒப்பிடவும் இயலும். புலங்களை உருவாக்கும் வசதி வேர்ட்பிரஸில் இயல்பாகவே ஓரளவு உண்டு எனினும், எழுதுபவருக்கு வசதியான படிவம் கிடைக்க பாட்ஸ் போன்ற செருகுநிரல் (கூடுதல் திறன் தரும் துணை மென்பொருள்) ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். புலத்தில் நாம் எதை இட்டாலும் வேர்ட்பிரஸ் அதை எழுத்தாகவே சேமிக்கிறது, எண்ணாக அல்ல. பூங்காருக்கு 90, மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 160, காட்டுயானத்துக்கு 180 என்று இட்டு, வயதின்படி ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், முதலில் 160, அடுத்து 180, கடைசியில் 90 என்று வந்து நிற்கும். எழுத்தாகப் பார்க்கும்போது 1 என்ற குறி 9 என்ற குறிக்கு முன்னால் வருவதே காரணம். பட்டியலை அமைக்கும்போது ‘இந்தப் புலத்தை எண்ணாகக் கருதி வரிசைப்படுத்து’ என்று தனியே சொல்ல வேண்டும். அதற்கும் முன்பாக, புலத்தில் எண் மட்டுமே இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு வேண்டும். ஒருவர் ‘சுமார் 160’ என்றும், மற்றொருவர் ‘ஐந்தரை மாதம்’ என்றும், வேறொருவர் ‘155-160 நாள்’ என்றும் நிரப்பினால் புலம் வைத்ததன் பயனே போய்விடும். ‘நாள்’ என்ற சொல்லைத் தோற்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புலத்துக்குள் அதற்கு இடமில்லை.

இவையெல்லாம் சேமிக்கப்படும் இடமான தரவுத்தளம் பெரும்பாலும் மைசீக்வெல் அல்லது அதன் கிளையான மரியாடிபி. புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸில் மொத்தம் 12 அட்டவணைகளே இருக்கின்றன. பதிவு, பக்கம், நம் நெல் ரகம், ஒவ்வொரு படத்தையும் பற்றிய குறிப்பு, ஒவ்வொரு முறை திருத்தும்போதும் எடுத்துவைக்கப்படும் பழைய பிரதி ஆகிய அனைத்தும் அவற்றுள் ஒரே அட்டவணையில்தான் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ‘இது எந்த வகை’ என்று சொல்லும் ஒரு நெடுவரிசைதான் அவற்றை வேறுபடுத்துகிறது. வலைப்பதிவுக்காக வடிவமைத்த பழைய அட்டவணையே விரிந்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. புலங்களின் மதிப்புகள் மட்டும் தனி அட்டவணையில், ஒரு மதிப்புக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் சேர்கின்றன. 200 ரகங்களுக்கு 20 புலங்கள் வைத்தால் குறைந்தது 4,000 வரிசைகள். சிறிய தளத்துக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆயிரக்கணக்கான பொருள்களைப் பல புலங்களின்படி வடிகட்டும் பெரிய தளங்களில் வேகம் குறைவதற்கு இது ஒரு காரணமாகிறது.

புலத்தைப் போலவே தோன்றினாலும் வேறு வேலை செய்வது வகைப்பாடு. பகுப்பு, குறிச்சொல் என இரண்டு வகைப்பாடுகளை வேர்ட்பிரஸ் முன்கூட்டியே தருகிறது. பகுப்புக்குள் துணைப் பகுப்பு வைக்கலாம். குறிச்சொற்களுக்கு அத்தகைய படிநிலை இல்லை. நமக்கு வேண்டியவற்றை நாமே சேர்த்துக்கொள்ளவும் முடியும். எதைப் புலமாக வைப்பது, எதை வகைப்பாடாக வைப்பது என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். ஒரே மதிப்பு பல பொருள்களுக்குப் பொதுவாக இருந்து, அதைச் சொடுக்கினால் அந்தப் பொருள்கள் அனைத்தும் வர வேண்டும் என்றால் அது வகைப்பாடு. குறுவை, சம்பா, தாளடி, நவரை என்னும் பட்டங்கள் அப்படிப்பட்டவை. செம்மண், களிமண், களர் நிலம் என்பனவும் அப்படியே. வயது, பயிரின் உயரம் போன்ற அளவுகள் புலங்களுக்கே உரியவை.

தமிழில் தளம் நடத்துவோருக்கு வகைப்பாடு மற்ற மொழியினருக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், நாம் தட்டும் ஒவ்வொரு சொல்லின் எழுத்துத் தொடரும் தலைப்பிலோ உரையிலோ சுருக்கத்திலோ அப்படியே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. சொல் உருபேற்று மாறுவதை அது அறியாது. ஒருவர் ‘களர் நிலம்’ என்று தேடுகிறார். நம் கட்டுரையிலோ ‘களர் நிலத்தில் நன்கு வளரும்’ என்று இருக்கிறது. ‘நிலம்’ என்ற எழுத்துத் தொடர் ‘நிலத்தில்’ என்பதற்குள் இல்லை. எனவே குழியடிச்சான் பற்றிய அருமையான கட்டுரை தேடல் முடிவில் வராமலே போய்விடும். ‘கருப்புக் கவுனி’ என்று வல்லெழுத்து மிகத் தேடுபவருக்கு, ‘கருப்பு கவுனி’ என்று எழுதப்பட்ட பக்கம் கிடைக்காது. புலங்களில் இட்ட மதிப்புகளையோ இந்தத் தேடல் தொடுவதேயில்லை. ‘களர் நிலம்’ என்ற வகைப்பாட்டில் அந்த ரகத்தைச் சேர்த்து, அந்தப் பெயரைச் சொடுக்கும்படி பக்கத்தில் வைத்துவிட்டால், தேடும் சொல்லின் வடிவத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே பொருளுக்கு ‘களர் நிலம்’, ‘களர்நிலம்’, ‘களர் மண்’ என்று மூன்று குறிச்சொற்கள் முளைத்துவிடாமல், ஒருவர் பொறுப்பேற்று அவ்வப்போது அவற்றைப் பார்த்து ஒன்றாக்க வேண்டும்.

இணைப்பு முகவரியிலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தலைப்பிலிருந்து முகவரியின் கடைசிப் பகுதியை வேர்ட்பிரஸ் தானே உருவாக்குகிறது. தமிழ் எழுத்துகள் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக விரிகிறது. ஆகவே ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம் செலவாகிறது. ‘தூ’ என்பதில் ‘த’ ஒரு குறியீடு, ஊகாரக் குறி மற்றொன்று. இரண்டும் சேர்ந்து 18 இடங்கள். முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 இடங்கள். ஏறத்தாழ 22 குறியீடுகளில் எல்லை வந்துவிடும். ‘மாப்பிள்ளைச் சம்பா சாகுபடி முறைகள்’ என்று தலைப்பிட்டால், முகவரி ‘சாகுப’ என்ற இடத்திலேயே அறுந்துவிடும். உலாவியில் தமிழாகத் தெரிந்தாலும், அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாக வந்து விழுவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். வெளியிடும் முன்பே முகவரிப் பகுதியைத் திறந்து, ஒரே சொல்லில், தமிழிலோ ரோமன் எழுத்திலோ சுருக்கமாக அமைத்துவிடுவது நல்லது. வெளியிட்ட பின் மாற்றினால் பிறர் சேமித்துவைத்திருக்கும் இணைப்புகளுக்கு இடையூறு வரலாம்.

எழுதும் இடத்துக்கு வருவோம். 2018 டிசம்பரில் வந்த 5.0ஆம் பதிப்பு முதல், உரை முழுவதையும் ஒரே பெட்டியில் எழுதும் முறை மாறி, பத்தி ஒரு தொகுதி, தலைப்பு ஒரு தொகுதி, படம் ஒரு தொகுதி என்று தனித்தனியாக அடுக்கும் முறை வந்தது. ஒவ்வொரு தொகுதியையும் மேலும் கீழும் நகர்த்தலாம், நகலெடுக்கலாம், சேமித்துவைத்து வேறு பக்கத்தில் பயன்படுத்தலாம். இந்தத் தொகுதிகள் புலங்களுக்கு மாற்றல்ல என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் அழகிய அட்டவணைத் தொகுதியில் வயது, பட்டம், நிலம் என்று எழுதிவைத்தால், அது பார்க்க ஒழுங்காக இருந்தாலும் தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அதுவும் நீண்ட உரையின் ஒரு பகுதியே.

படங்களும் ஆவணங்களும் தரவுத்தளத்துக்குள் போவதில்லை. ஆண்டும் மாதமும் பெயராகக் கொண்ட கோப்புறைகளில் அவை கோப்புகளாகவே கிடக்கின்றன. அவற்றைப் பற்றிய குறிப்பு மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைப் பல அளவுகளில் சிறிதாக்கி, ஒன்றுக்குப் பல கோப்புகளாக வைத்துக்கொள்கிறது. கைபேசியில் பார்ப்பவருக்குச் சிறிய படத்தையும், பெரிய திரையில் பார்ப்பவருக்குப் பெரிய படத்தையும் அனுப்புவதற்காகவே இந்த ஏற்பாடு. ஏற்றும்போதே, படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரையை நிரப்புங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்த உரையைத்தான் படிக்கும்.

தோற்றத்தைத் தருவது தீம். வாசகர் ஒரு ரகத்தின் பக்கத்தைக் கேட்கும்போது, நெல் ரகத்துக்கென்றே தனி வார்ப்புரு (எது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் பக்க அச்சு) தீமில் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் முதலில் பார்க்கும். இல்லையென்றால் எந்தத் தனிப் பதிவுக்கும் பொருந்தும் பொது வார்ப்புருவைத் தேடும். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு தீமிலும் கட்டாயம் இருக்க வேண்டிய கடைசி வார்ப்புருவைக் கொண்டு பக்கத்தை அமைத்துவிடும். இந்தப் படிநிலையை அறியாதவர்கள், புலங்களையெல்லாம் நிரப்பிய பிறகும் பக்கத்தில் வயதும் பட்டமும் தெரியவில்லையே என்று திகைக்கிறார்கள். தரவு இருக்கிறது, அதைக் காட்டும்படி வார்ப்புருவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் வந்த 5.9ஆம் பதிப்பு முதல், அதற்கேற்ற தீம்களில் நிரல் எழுதாமல் தொகுதிகளைக் கொண்டே வார்ப்புருக்களைத் திருத்த முடிகிறது.

புதிய திறன்களைச் சேர்ப்பது, பிளகின் என்று பலரும் சொல்லும் செருகுநிரல். படிவம், காப்புப்பிரதி, வேகக்கூட்டல், விற்பனை என எதற்கும் ஒன்று கிடைக்கும். வேர்ட்பிரஸின் மூல நிரலில் கை வைக்காமல், அது ஆங்காங்கே விட்டுவைத்திருக்கும் கொக்கிகளில் தன் நிரலை மாட்டி இவை வேலை செய்கின்றன. மூல நிரல் புதுப்பிக்கப்படும்போது நாம் சேர்த்தவை அழியாமல் இருப்பது இந்த முறையால்தான். பராமரிப்பு நின்றுபோன செருகுநிரல் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால், தேவைக்கு மேல் ஒன்றையும் சேர்க்காதிருப்பதே முறை.

தீமுக்கும் செருகுநிரலுக்கும் உள்ள எல்லையில்தான் பல தளங்கள் அடிபடுகின்றன. சில தீம்கள் தோற்றத்தோடு நில்லாமல் உள்ளடக்க வகைகளையும் தாமே வரையறுக்கின்றன. நெல் ரகம் என்னும் வகையை அப்படியொரு தீம் வரையறுத்திருக்க, மூன்று ஆண்டுகளுக்குப் பின் வேறு தீமுக்கு மாறினால், நிர்வாகப் பக்கத்தின் பட்டியிலிருந்து ‘நெல் ரகம்’ மறைந்துவிடும். அத்தனை ரகங்களின் பக்கங்களும் ‘காணப்படவில்லை’ என்று சொல்லும். எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதென்று கலங்க வேண்டாம். அட்டவணையில் ஒவ்வொரு வரிசையும் அப்படியே இருக்கிறது. அந்த வகை எது என்று வேர்ட்பிரஸுக்குச் சொல்லும் நிரல்தான் போய்விட்டது. அதே உள்பெயரில் வகையை மீண்டும் பதிவுசெய்தால் எல்லாம் திரும்பி வரும். தோற்றத்தைச் சேர்ந்தது தீமில், பொருளைச் சேர்ந்தது செருகுநிரலில் என்று முதல் நாளிலேயே பிரித்துவிட்டால் இந்த நிலை வராது.

பலர் சேர்ந்து நடத்தும் தளத்தில் யார் எதைச் செய்யலாம் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என்று ஐந்து பங்குகள் இருக்கின்றன. நிர்வாகியால் தளத்தையே அழிக்கவும் முடியும் என்பதால் அந்தப் பங்கு ஓரிருவருக்கு மேல் வேண்டாம். பதிப்பாசிரியர் மற்றவர் எழுதியதையும் திருத்தி வெளியிடலாம். எழுத்தாளர் தம்முடையதை மட்டும் வெளியிடலாம். பங்களிப்பாளர் எழுதிச் சமர்ப்பிக்கலாம், வெளியிட முடியாது. உழவர்கள் அனுபவங்களை எழுதி அனுப்ப, ஒருவர் சரிபார்த்து வெளியிடும் நம் தளத்துக்குப் பங்களிப்பாளர் பங்கு பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பங்கில் இருப்பவரால் படம் ஏற்ற முடியாது. வயலின் படம் இல்லாமல் அனுபவக் கட்டுரை நிறைவு பெறாது என்பதால், படங்களை வேறு வழியில் பெற்றுப் பதிப்பாசிரியரே ஏற்ற வேண்டும், அல்லது அந்தப் பங்குக்கு ஏற்றும் உரிமையைத் தனியே வழங்க வேண்டும்.

பட்டி அமைப்பு, தளத்தின் பெயர், நேர மண்டலம், முகப்பில் எது வர வேண்டும் என்பன போன்ற அமைவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிர்வாகப் பக்கத்தில் அவற்றைத் திறந்து பார்த்தாலே விளங்கிவிடும்.

எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குக் காப்புப்பிரதியில் குழப்பம் வராது. எழுதியவை, புல மதிப்புகள், வகைப்பாடுகள், பயனர்கள், அமைவுகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. படங்கள், தீம், செருகுநிரல்கள் ஆகியவை ஒரே உள்ளடக்கக் கோப்புறையின் கீழ்க் கோப்புகளாக இருக்கின்றன. தரவுத்தளத்தை மட்டும் எடுத்து வைத்தவருக்கு, வழங்கி பழுதடைந்த பிறகு கட்டுரைகள் கிடைக்கும், படங்கள் இருந்த இடங்கள் வெறுமையாக இருக்கும். கோப்புறையை மட்டும் எடுத்து வைத்தவருக்குப் படங்கள் மிஞ்சும், ஒரு வரி உரைகூடக் கிடைக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, தளம் இயங்கும் வழங்கியிலேயே விட்டுவிடாமல் வேறோர் இடத்தில் வைத்து, அதிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று ஒருமுறை தன் கணினியிலேயே நிறுவிப் பார்த்துவிட வேண்டும்.